யாழ்ப்பாணக் கல்லில் ஒரு மினுக்கம்

வலிகாமத்தில் கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழத்துக்குத்தான் செம்மண். பிறகு வெளிர்மஞ்சள் சுண்ணக்கல். புத்தூர் நிலாவரைக் கிணறு இந்தக் கல்லை நீர் அரித்துக் குடைந்ததால் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இரையானதும் இதே கல்தான். மயோசீன் காலத்து ஆழமற்ற, இளஞ்சூடான கடலின் அடித்தளம் இது. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு.

இதில் முழு நட்சத்திர மீனைக் காண ஆசைப்படுவது வீண். அதன் எலும்புக்கூடு நூற்றுக்கணக்கான சுண்ணத் தகடுகளால் ஆனது. தகடுகளைப் பிணைப்பது வெறும் தசையும் நாரும். உயிர் போனதும் நூல் அறுந்த மாலையாகச் சிதறிவிடும். அதன் இனமான கடல் முள்ளெலிக்கு அந்தக் கேடு குறைவு: தகடுகள் விளிம்போடு விளிம்பு இறுகிய ஓடு அதற்கு. நம் குடாக்கடலில் பண்ணை வைத்து வளர்க்கும் கடலட்டையும் இவர்களின் உறவுதான். அதன் எலும்புகளோ கண்ணுக்கே தெரியாத துணுக்குகள்.

ஆனால் சிதறிய தகட்டில்தான் அழகு இருக்கிறது. இந்த இனத்தின் தகடு ஒவ்வொன்றும் ஒரே கல்சைட்டுப் படிகம். உள்ளே நுண்துளை வலைப்பின்னல். புதைந்தபின் அந்தத் துளைகளிலும் கல்சைட்டே நிரம்பும், அதுவும் பழைய படிகம் பார்த்த திசையையே பார்த்தபடி! ஆகவே கல்லை உடைத்தால் சிப்பித் துண்டுகள் மங்கிக் கிடக்க, இந்தத் தகடு மட்டும் வழவழப்பான ஒரே தளமாகப் பிளந்து, வெயிலில் திருப்பும்போது சட்டென்று மினுங்கும். வெடிப்புகளில் படிந்த பளிங்கும் மினுங்குமே என்பீர்கள். உண்மைதான். கைவில்லையில் பாருங்கள்: தகட்டுக்குத் திட்டமான ஓரம் உண்டு, சிலவற்றில் வலைப்பின்னலின் புள்ளிகளும் மிஞ்சியிருக்கும். மினுங்குவது நட்சத்திர மீனா, முள்ளெலியா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் புதிரும் எனக்குப் பிடிக்கும்.

ஊர்ந்து திரியும் இவை கடல் கடந்து பரவுவது குஞ்சுப் பருவத்தில்தான். பல இனங்களின் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்துபோய், பிறகே தரை இறங்குகின்றன. அந்தக் காலக் கடல் எவ்வளவு தொலைவு ஒன்றாய்க் கிடந்தது என்பதற்கு இதே கல்லிலுள்ள இன்னொரு சிற்றுயிர் சாட்சி: சிறு வட்டத் தட்டுப்போல் ஓடுள்ள தபெரினா மலபாரிக்கா. 1853இல் எச். ஜே. கார்ட்டர் மலபார்க் கரைக் கல்லிலிருந்து விவரித்தது. கொல்லத்துச் சுண்ணக்கல்லிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி 1923இல் வேலண்டும் டேவிஸும் விரிவாக எழுதினார்கள்.

இனிக் கிணறு வெட்டும் இடத்தில் கல் குவிந்திருந்தால், பாசி படியாத புதுமுகமாக ஒன்றை எடுத்து வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் வில்லை ஒன்று போதும்.