நம்பாமை அறியாமையா?

வன்னி மக்கள் கைத்தொலைபேசி வழியான பணச் சேவைகளை நம்பத் தயங்குகிறார்கள் என்றும், அத்தயக்கத்திற்கு அவர்களது அறியாமையே காரணம் என்றும் கூறுவோர் பலர். நிதியறிவு புகட்டும் கருத்தரங்குகளும் துண்டுப்பிரசுரங்களும் இக்கருத்தின் மீதே எழுகின்றன. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் பின்னர் கிளிநொச்சியை நடுவமாகக் கொண்டு இயங்கிய காலத்தில், இம்மக்கள் அதிலே பணம் வைத்தார்கள். தாலிக்கொடியையும் அடகு வைத்தார்கள். 2009 இல் வைப்பகமும் இல்லை, வைப்பும் இல்லை. மீட்கப்பட்ட நகைகளிற் சில 2014 இல் உரியவர் சிலருக்குக் கிடைத்தன. இராணுவத்தின் வசமிருந்த தங்கமும் வெள்ளியும் பொலிசாரிடம் கையளிக்கப்பட்டதோ 2025 மே மாதத்தில்! அடகுச் சீட்டையும் முள்ளிவாய்க்காலிலே தொலைத்த தாயொருத்தி எதைக் காட்டி உரிமை கோருவாள்?

போர் ஓய்ந்ததும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் ஏ-9 வீதியை மொய்த்தன. பிணையாக வைக்கக் காணி உறுதியோ நகையோ இல்லாத பெண்களிடம் அவை வேறொரு பிணையைக் கண்டுபிடித்தன. குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. முற்றத்தில் வந்து நிற்கும் வசூலிப்பாளரை அயலெல்லாம் பார்க்கும். மானமே அங்கு பிணை. 2018 இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் குவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டே அரசு, வரட்சியால் வாடிய மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை நீக்க முன்வந்தது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் கம்பனிகளையே உரிமத்துக்குள் கொண்டுவந்தது. சொந்தப் பணத்தைக் கடனாக மட்டும் கொடுப்போரை அது தொடவில்லை.

இந்த ஓட்டை வழியாகத்தான் கடன் செயலிகளும் நுழைந்தன. தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலைத் திறக்க அனுமதி கேட்கும் செயலி, தவணை பிந்தினால் உறவினரையும் மேலதிகாரியையும் அழைக்கிறது. வசூலிப்பாளர் முற்றத்தில் நின்று செய்ததை இது இருந்த இடத்திலிருந்தே செய்கிறது. பிணை பழைய மானந்தான்.

நாம் தொழில்நுட்பத்தின் பகைவரல்லர். 2012 இல் அறிமுகமான ஈசி காஷ் போன்றவை வங்கிக்கு நெடுந்தூரம் போக வேண்டியவருக்குப் பயன்பட்டதை மறுப்பது நேர்மையாகாது. அங்கேயும் மக்கள் முதலில் நம்பியது கருவியையன்று, பணம் வாங்கிக்கொண்ட சந்திக் கடைக்காரரை. அவர் நாளையும் அங்கேயே இருப்பார். இதே மக்கள் எழுத்தும் கையொப்பமுமின்றிச் சீட்டுப் பிடிக்கிறார்கள். பிடிப்பவளின் வீடு தெரியும், அவளுடைய தாயையும் தெரியும். நம்பத் தெரியாதவர்களா இவர்கள்?

மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது, வரவேற்கிறோம். ஆயின் அவை அதன் மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். உரிமமில்லாதவரிடம் ஏமாந்தவருக்கு அவற்றாற் பயன் என்ன?

நமது எழுத்தாளரிடமும் ஒரு குறை உண்டு. நமது கதைகளில் வட்டிக்காரர் இன்னும் திண்ணையில், தொந்தியும் பேரேடுமாகவே அமர்ந்திருக்கிறார். முகமற்ற கடன்காரனை எழுதுவது கடினந்தான். ஆனால் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்ததும் அதைத் தலையணைக்கடியில் ஒளிக்கும் பெண்ணுக்கு முகமிருக்கிறது. அவளிடமிருந்து தொடங்கலாம்.