விடியும்வரை தாங்கும் தொண்டை

சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்து ரசிகர்கள் ஒரு பாட்டுக்காரரை ராத்திரி பத்து மணிக்கு எடைபோட மாட்டார்கள். அந்த நேரத்தில் எல்லார் தொண்டையும் நன்றாகத்தான் இருக்கும். கர்ண மோட்சத்தில் நாலு மணிவாக்கில் கர்ணன் சாயும் கட்டம் வருமே, அப்போது எடுக்கிற விருத்தம்தான் கணக்கு. “வெடியற மட்டும் தொண்ட நின்னுச்சுங்க” என்று மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டால், அது அந்தப் பாட்டுக்காரருக்குப் போட்ட பொன்னாடை. ‘இனிமையான குரல்’ என்று அவர் வாயிலிருந்து வராது. இனிமை பிறவியில் வருவது, அதில் பாராட்ட என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். எனக்கும் அதில் பாதிக்கு மேல் உடன்பாடுதான்.

விடிய விடிய ஒரு மனுஷன் எப்படிப் பாடுகிறான்? பாடுவதில்லை என்பதுதான் பதில். வேஷக்காரர் ஓர் அடியைப் பாடிவிட்டு விட்டுவிடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்தச் சில விநாடிகளில் அவர் அடவு போட்டபடி களரியை, அதாவது கூத்தாடும் இடத்தை, சுற்றி வருவார். பார்ப்பவருக்கு ஆட்டம், தொண்டைக்கு ஓய்வு. நடுவில் கோமாளி நுழைந்து ஊர்வம்பு பேசினால் இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம். உச்சத்தில் நீளமாக இழுக்க வேண்டிய இடத்தில் முகவீணை என்கிற ஊதுகுழல் கூடவே ஏறி அந்தச் சுரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். தேர்ந்த பாட்டுக்காரர் அங்கே முக்கால்வாசி குரல்தான் கொடுப்பார். முழுக்கக் கொடுத்தாரென்றே நாம் நினைப்போம். இந்தச் சிக்கனம்தான் பயிற்சியின் பலன் என்று நான் சொல்வேன். தேறாதவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே கைதட்டலுக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நள்ளிரவு தாண்டினால் காற்றுதான் வரும்.

விருத்தம் எடுக்கும்போது கிட்டத்தில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். அப்போது ஆட்டம் நின்றிருக்கும், தாளமும் இருக்காது. பாட்டுக்காரரின் தோளில் கட்டிய புஜக்கட்டையைப் பாருங்கள். மூச்சை நெஞ்சுக்கு மேலே வாங்குகிறவருக்கு ஒவ்வோர் அடிக்கும் அது ஏறி இறங்கும். நல்ல பாட்டுக்காரருக்கு அது அசையாது, இடுப்புக் கச்சைதான் சற்று விரியும். முதல் சொல்லைப் பேச்சுக் குரலுக்குச் சற்று மேலே வைப்பார். மூச்சில் பாதி இருக்கும்போதே உச்சத்தைத் தொட்டுவிட்டு, மீதிப் பாதியை இறங்குவதற்கு வைத்துக்கொள்வார். ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் மூச்சு வேண்டும். இதை அவருக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சின்ன வயசில் பெட்டி தூக்கப் போய், பின்பாட்டு வரிசையில் வருஷக்கணக்காக நின்று, அடுத்தவர் விட்ட அடியை வாங்கி வாங்கி வந்த வித்தை இது. மூத்தவர் எங்கே மூச்சு விட்டார் என்பதைக் கவனித்தால்தானே அடியை வாங்க முடியும்?

பையன்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் இதைவிடக் கொடுமையான பள்ளிக்கூடம் நடந்தது. மைக் இல்லாத கொட்டகை, உயர்ந்த கட்டை, கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும். பையன்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயசில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பிழைப்பே போய்விடும். பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கியவர், குரல் போனதும் வெளியேறினார். அதன்பின் சங்கீதம் பயின்றார், உடற்பயிற்சியில் இறங்கினார். உடைந்த குரலைச் சரிசெய்ய முயல்வதைவிட, புதிதாக வந்த குரலை அடியிலிருந்து பழக்குவதுதான் புத்திசாலித்தனம். அப்படித் தேறிய குரல் கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று எங்கள் சேலம். ஏற்காடு மலையடிவாரத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ (1940), ‘மனோன்மணி’ (1942) இரண்டிலும் சின்னப்பாதான் நாயகன், பாட்டும் அவருடையதே. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் கீழ் ஸ்தாயியில் குரல் எவ்வளவு அழுத்தமாக ஊன்றி நிற்கிறது என்பது புரியும். பையனாகப் பாடிய குரலில் அந்த அடித்தளம் இருந்திருக்க வழியில்லை.

குரலை அடியிலிருந்து பழக்கும் இதே வேலையைக் கர்நாடக சங்கீதக்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறார்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசை: மாயாமாளவகௌளையில் சரளி, பிறகு ஜண்டை, தாட்டு, ஏழு தாளத்து அலங்காரங்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு இது சலிப்பு. எனக்கோ கச்சேரியைவிட இது பிடித்த நாட்களுண்டு. சரளியின் முதல் வரியை ஆதி தாளத்தில் மூன்று காலம் பாடும் ஒரு மாணவியைக் கேளுங்கள். முதல் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 சுரம், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. தாளம் மாறாது, சுரம் மட்டும் நெருங்கும். முதல் காலம்தான் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. மூன்றாம் காலத்தில் ரிஷபம் சற்றுப் பிசகினாலும் ஓடி மறைந்துவிடும். முதல் காலத்தில் ஓர் அட்சரம் முழுக்க அது நம் முன்னால் நிற்கும், ஸ்ருதிப்பெட்டியோடு சேர்ந்ததா சேரவில்லையா என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். மாயாமாளவகௌளையில் ஷட்ஜத்தை ஒட்டிய ரிஷபமும் பஞ்சமத்தை ஒட்டிய தைவதமும் ஒளிய இடம் தராதவை. நல்ல வாத்தியார் முதல் காலத்திலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், அது வேறு கதை.

பிறகு அகாரம். சுரப்பெயரை எடுத்துவிட்டு வெறும் ‘ஆ’வில் அதே வரிசை. மெய்யெழுத்தின் முட்டு போனதும் தொண்டையின் குறை அத்தனையும் வெளியே வந்துவிடும். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இளமையில் வாய்த்தது கரகரத்த, கட்டிய குரல். விடாத அகார சாதகத்தால் அவர் அதை வசக்கினார். 1947-இல் சங்கீத கலாநிதி ஆனபோதும் கரகரப்பு போய்விடவில்லை. அதன் மேலேயே ராகம் வழுக்காமல் நடந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் போவதற்கு முன் பாடம் கேட்டவர்களில் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரும் ஒருவர் என்பதில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை. அரியக்குடியும் கச்சேரியை வர்ணத்தில்தான் தொடங்குவார். கேட்பவர் அதை முதல் உருப்படி என்று நினைக்கிறோம். பாடுபவருக்கு அது தொண்டையைப் பதப்படுத்திக்கொள்ளும் வழியும்கூட.

எங்களுக்குக் காவிரிதான் எல்லை. அக்கரையில் இருக்கிறது கொடுமுடி, கே.பி. சுந்தராம்பாளின் ஊர். 1908-இல் பிறந்தவர். நாடக மேடையில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய தொண்டை அது. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராகப் பாடியபோது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. குரல் தளரவில்லை. அந்தக் குரலின் பலம் சத்தம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. வல்லினத்தை அவர் அடிக்கும் விதம் தனி. ‘ப’வும் ‘ட’வும் ‘ற’வும் கல்லில் உளி விழுந்த மாதிரி தெறிக்கும், அதற்குப் பிறகு வரும் உயிரெழுத்து தடையில்லாமல் திறக்கும்.

பயின்ற குரல் தூரத்தில் கேட்பதற்கு விஞ்ஞானமும் ஒரு காரணம் சொல்கிறது. சுவீடனின் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் மேற்கத்திய ஓபரா பாடகர்களை ஆராய்ந்தார். பயின்ற ஆண் குரல்களில் சுமார் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி திரண்டு நிற்பதைக் கண்டார். வாத்தியக் கூட்டத்தின் ஒலி அந்த இடத்தில் மெலிந்திருக்கும், நம் காதோ அங்கேதான் கூர்மை. கத்துவதால் அது வருவதில்லை, குரல்வளைக்கு மேலே உள்ள குழலை வடிவமைப்பதால் வருகிறது. கூத்துக் குரலை யாராவது இப்படி அளந்து பார்த்தால் நன்றாயிருக்கும்.

இப்போது களரியிலும் மைக் வந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்றால், பழைய தொண்டைக்கு நல்லது, புதிய தொண்டைக்குக் கெட்டது. பெரியவர்கள் உச்சம் வரும்போது மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்கிக்கொள்கிறார்கள். இளசுகள் மைக்கை விழுங்குகிற மாதிரி நின்று, ஸ்பீக்கர் சத்தத்தோடு போட்டிபோட்டுக் கத்துகிறார்கள். பிறகு அதிமதுரத்தையும் திப்பிலியையும் மென்று சரிசெய்யப் பார்க்கிறார்கள். மெல்லட்டும், வாயும் தொண்டையும் இதமாகும். ஆனால் விழுங்கியது எதுவும் குரல்நாண்மேல் படுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போய்விடும், குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். கத்திய தொண்டைக்கு மருந்து பேசாமல் இருப்பதுதான். கூத்து முடிந்த காலையில் தேர்ந்த பாட்டுக்காரர் கையாலும் தலையாலுமே பதில் சொல்வதைப் பார்த்து, தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தமுறை ஓமலூர் பக்கமோ எடப்பாடி பக்கமோ கூத்து நடந்தால் முன்வரிசையில் துண்டு போட வேண்டாம். அங்கே ஸ்பீக்கர்தான் கேட்கும். மேளக்காரர் இருக்கும் பக்கமாகப் போய் பின்பாட்டுக்காரர்களை ஒட்டி உட்காருங்கள். ஒவ்வோர் அடியின் கடைசி எழுத்தையும் வேஷக்காரர் எவ்வளவு சுருக்கமாக விடுகிறார், எந்த இடத்தில் அவர்கள் கையில் ஒப்படைக்கிறார் என்பது அங்கேதான் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு அவர் விட்ட இடத்தையும் நாலு மணிக்கு விடுகிற இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கும் போகலாம்.