மேலதிகாரியின் கையெழுத்து

கந்தோர் வாழ்க்கையை நகைச்சுவையாக்கிய திரைப்படங்கள் பல. அவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் விமர்சகர்கள் நம்மிடையே உளர். நாளெல்லாம் மேலதிகாரியின் முன் குனிந்து நின்ற எழுதுவினைஞன், மாலையில் அதே மேலதிகாரி திரையில் அவமானப்படுவதைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கிறான் என்றால், அச்சிரிப்பில் ஏதோவொரு சமுதாய உண்மை இருந்தே ஆகவேண்டும். அவ்வுண்மையை இப்படங்கள் எவ்வளவு தூரம் பின்தொடர்கின்றன என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1980 டிசெம்பரில் வெளிவந்த ‘நைன் டு பைவ்’ என்ற அமெரிக்கப் படத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். கொலின் ஹிக்கின்ஸ் இயக்கிய இப்படத்தின் பிறப்பே கவனத்திற்குரியது. 1973இல் பொஸ்டன் நகரத்துக் கந்தோர்ப் பெண்கள் சிலர் ஒன்றுகூடி இதே பெயரில் ஓர் அமைப்பை நிறுவினர். குறைந்த சம்பளம், மறுக்கப்பட்ட பதவியுயர்வு, மேலதிகாரிக்குக் கோப்பி எடுத்துக் கொடுக்கும் ஏவல்வேலை ஆகியவற்றுக்கெதிராகக் குரல் எழுப்பிய அமைப்பு அது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான கரன் நுஸ்பாமுக்கும் நடிகை ஜேன் பொண்டாவுக்கும் இருந்த நட்பு, வியட்னாம் யுத்த எதிர்ப்பு இயக்கத்தின் வழி வந்தது. படத்தை ஆக்கியோர் இத்தகைய பெண்களை நேரிற் சந்தித்து, மேலதிகாரியைத் தொலைத்துக்கட்டுவதாக எப்பொழுதாவது கற்பனை செய்ததுண்டா என்று கேட்டனர். உண்டு என்றே விடை கிடைத்தது. படத்தில் வரும் மூன்று பழிவாங்கற் கனவுகளும் அங்கு முளைத்தவையே.

வயலெற் ஒரு விதவை; நான்கு பிள்ளைகளின் தாய். தான் வேலை பழக்கிய ஆடவனே தனக்கு மேலதிகாரியாய் உயர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பவள். டொராலீ அந்த மேலதிகாரியின் காரியதரிசி. அவளைத் தன் ஆசைநாயகியென்று ஹார்ட் பொய் பரப்பியிருப்பதைக் கந்தோர் முழுவதும் அறியும், அவள் மாத்திரம் அறியாள். ஜூடி, மணமுறிவுக்குப் பின் முதன்முதலாக வேலைக்கு வந்தவள். இம்மூவரும் ஹார்ட்டை அவனது வீட்டிலேயே கட்டிவைத்துவிட்டுச் சில வாரங்கள் கந்தோரைத் தாமே நடத்துகிறார்கள். ஹார்ட்டாக வரும் டப்னி கோல்மனின் நடிப்பை மெச்சாதிருக்க முடியாது. அற்பத்தனமும் அதிகாரமும் ஒரே முகத்தில் எவ்வளவு இயல்பாகக் குடியிருக்கின்றன!

டொராலீக்கு ஹார்ட்டின் கையெழுத்தை அப்படியே போட வரும். நெகிழ்வான வேலைநேரம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், ஒரு வேலையை இருவர் பகிர்ந்து செய்யும் ஏற்பாடு, சம ஊதியம் எல்லாமே அந்தக் கையெழுத்துடன்தான் நடைமுறைக்கு வருகின்றன. ஹார்ட் அங்கே இல்லை. வேலை முன்னையிலும் நன்றாக நடக்கிறது. மேலதிகாரி வேலைக்குத் தேவையானவனல்லன், அவன் கையெழுத்தே தேவையானது என்பதை, பொருளாதார நூலொன்று பல பக்கங்களில் விளக்கவேண்டியதை, இப்படம் ஒரு பேனாவைக் கொண்டு விளக்கிவிடுகிறது.

ஆயின் அதே பேனாவை மறுபுறமாகவும் நோக்கவேண்டும். அந்தப் பெரிய கூடத்தில் இருக்கும் ஏனைய பெண்களுக்கு என்ன பங்கு? கிடைத்ததைக் கண்டு மகிழ்வதே பங்கு. பெண்கள் கழிப்பறையில் சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காக வேலையிழந்த மரியா திரும்ப வருகிறாள். ஆனால் அவளுக்காக எவரும் ஒரு மணிநேரமேனும் தட்டச்சை நிறுத்தவில்லை. அங்கே கூட்டமுமில்லை, கோரிக்கையுமில்லை, தொழிற்சங்கமுமில்லை. வெளியிலோ நிலைமை வேறு. பொஸ்டன் பெண்கள் 1975இலேயே தொழிற்சங்கக் கிளையொன்றை அமைத்துவிட்டனர். படம் வந்த மறு ஆண்டில், 1981இல், அது நாடளாவிய பிரிவாயிற்று. ஓர் அமைப்பின் வயிற்றிற் பிறந்த படம், தாயை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு மூன்று கெட்டிக்காரப் பெண்களின் அதிர்ஷ்டக் கதையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. ஹொலிவூட்டின் பணம் இடும் நிபந்தனைகளுள் இதுவும் ஒன்று போலும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1960இல், பில்லி வைல்டர் எடுத்த ‘த அப்பார்ட்மென்ட்’ இவ்வகையில் நேர்மை மிக்கது. நியூயோர்க் காப்புறுதி நிறுவனமொன்றில் 31,259 ஊழியருள் ஒருவனான பக்ஸ்டர், மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குத் தன் வீட்டுத் திறப்பைக் கொடுத்துக்கொடுத்தே பதவியில் ஏறுகிறான். கந்தோர்க் கூடத்தை அமைத்த அலெக்சாந்தர் திரோனே, முடிவில்லாத வரிசைகள் எனத் தோன்றும்படி பின்புறத்து மேசைகளையும் ஆட்களையும் படிப்படியாகச் சிறிதாக்கினார். மனிதன் சிறுத்துப்போவதைக் காட்ட வேறு வசனம் வேண்டியதில்லை. ‘நைன் டு பைவ்’ நம்மை நல்லவர்களாக்கிச் சிரிக்க வைக்கிறது. வைல்டரோ, அந்தத் திறப்பை நாமும் நீட்டியிருக்க மாட்டோமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க வைக்கிறார். ஆனால் அவருடைய எழுதுவினைஞனும் தனியே எழுந்து, தனியே வெளியேறுகிறான். எஞ்சிய 31,258 பேரும் மேசைகளிலேயே இருக்கின்றனர்.

தமிழில் பாலச்சந்தரின் ‘தில்லு முல்லு’ (1981) இந்த எல்லைகளை எட்டியும் பார்க்கவில்லை. ஹிந்திப் படமொன்றைத் தழுவிய அக்கதையில், முதலாளியின் கிறுக்குக்கேற்ப மீசையும் வேடமும் போட்டு வேலை பெறுபவன், ஈற்றில் முதலாளியின் மகளையே மணக்கிறான். தேங்காய் சீனிவாசனின் நடிப்பை இரசித்துச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் வேலைக்காக இளைஞன் ஆளையே மாற்றிக்கொள்ள நேர்வது நாட்டின் பெருந்துயரம். அத்துயரத்தை மீசை ஒட்டும் விளையாட்டாக மாத்திரம் காண்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘நைன் டு பைவ்’ படத்தின் இறுதிக்கு வருவோம். உற்பத்தி பெருகியதைக் கேள்வியுற்ற நிறுவனத் தலைவர் நேரில் வருகிறார். செய்தவர்கள் பெண்கள், பாராட்டு ஹார்ட்டுக்கு. வேலைநேர மாற்றம் நன்று, பிள்ளைப் பராமரிப்பு நன்று என்று ஒவ்வொன்றாய்ப் புகழ்கிறார். வேலையைக் கூட்டித் தரும் சீர்திருத்தங்களில் முதலாளித்துவத்திற்கு ஆட்சேபமில்லை. சம ஊதியம் மட்டும் கூடாது, அதை நீக்கிவிட வேண்டும் என்கிறார். அமெரிக்காவில் சம ஊதியம் 1963இலேயே சட்டமாகியிருந்தது என்பதை மனத்திற்கொண்டு இக்காட்சியைப் பார்க்கவேண்டும். தலைவர் ஹார்ட்டைப் பிரேசிலுக்கு அழைத்துப் போகிறார். மூன்று பெண்களும் அவனது அறையிலேயே மதுக்கிண்ணங்களை உயர்த்துகிறார்கள். சம ஊதியத்தைப் பற்றி அதன்பின் ஒரு பேச்சுமில்லை.