டிக்கி மூலையில் ஒரு பேஸ் கூடு

காரின் டிக்கியில், சக்கர வளைவுக்குப் பின்னால் வீணாய்க் கிடக்கும் மூலைக்குள் பேஸ் ஸ்பீக்கருக்கான மரப்பெட்டி அடங்காது. ஃபைபர்கிளாஸ் அடங்கும்.

அந்த மூலையில் மாஸ்கிங் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டி, மெழுகு பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, பாலியஸ்டர் ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்கிறார்கள். ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம்தான். கூடினால் கலவை கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். பிறகு ஸ்பீக்கருக்கான எம்.டி.எஃப். பலகை வளையத்தைக் குச்சிகளில் நிறுத்தி, ஃப்ளீஸ் துணியை இழுத்துக் கட்டி, அதையும் ரெசினில் நனைப்பார்கள். சுருக்கமே இல்லாமல் துணி தானாக ஒரு வளைவை எடுத்து நிற்கிறதே, எந்த வரைபடத்திலும் வராத அழகு அது!

உள்ளளவில் மட்டும் சமரசம் கிடையாது. மூடிய பெட்டியின் காற்றே ஸ்பீக்கரின் கூம்புக்கு ஸ்பிரிங் என்பதை 1954-இலேயே எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் காட்டிவிட்டார். அதனால் கூட்டில் தெர்மோகோல் மணிகளை நிரப்பி, அளவு வாளியில் கொட்டி லிட்டர் பார்க்கிறார்கள். சுவரையும் தட்டிப் பார்ப்பார்கள். அதிர்ந்தால் உள்ளே இன்னோர் அடுக்குப் பாய்.