கைக்குள் புகுந்த மனம்

அருணாசலத்தை வலம் வருகிறவர்கள் வெறுங்காலுடன் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் அமைந்திருக்கும் அடி அண்ணாமலையை அடையும்போது, கால்கள் வலிக்கத் தொடங்கியிருந்தாலும், மாலை வெயில் நேராக மலைமேல் விழுந்து பாறைகளைச் செம்மையாக்கும் காட்சி ஒன்றே அந்த ஆயாசத்தைப் போக்கப் போதுமானது என்று எண்ணி, ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தரிசித்துவிட்டுச் சற்றுத் தள்ளியிருந்த தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்தேன். திருவெம்பாவை பிறந்த இடம் என்று பாரம்பரியம் போற்றும் அவ்வூரில் நான் சிந்தித்திருக்க வேண்டிய விஷயங்கள் வேறு. ஆனால் கடைக்குப் பின்னால், அறுவடை முடிந்த கழனியில், சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டைப் பற்றி எழுதிப் பிழைப்பவனுடைய கண் வேறு எங்கே போகும்?

பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், டென்னிஸ் பந்தை மணிக்கட்டால் திருகி, அநாயாசமாக லெக் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பந்து எதனாலோ கையை விட்டு முன்னதாகவே நழுவி, மட்டையாளன் தலைக்கு மேலே பறந்துபோயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. அதற்கடுத்தது பக்கத்து வரப்புக்குப் போயிற்று. “இன்னாடா ஆச்சு உனுக்கு? யோசிக்காம போட்றா!” என்று தலைவன் கத்தினான். யோசிக்காமல் போட வேண்டுமே என்ற யோசனையையும் சுமந்துகொண்டு ஓடி வந்த பையன், கையைச் சுழற்றினான். பந்து கையிலேயே நின்றுவிட்டது. அப்போது அவன் முகத்தில் தெரிந்ததைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுக் கதவு தனக்கே திறக்க மறுத்தால் ஒருவனுக்கு உண்டாகும் திகைப்பு அது.

இந்தத் திகைப்புக்கு ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ‘யிப்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டாமி ஆர்மர் என்ற பழைய கால்ஃப் வீரர், மூன்றடித் தூரத்துக் குழியில் பந்தைத் தள்ள முடியாமல் கை துள்ளித் துடிப்பதற்கு இட்ட பெயர் அது. பின்னர் அது பேஸ்பால் எறிகிறவர்களையும், கிரிக்கெட் பந்துவீச்சாளர்களையும் தொற்றிக்கொண்டது. ஈட்டி எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே, ஒரு காலத்தில், விரல்கள் ஈட்டியை விட மறுத்தன. 2001-இல் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த கவுண்டி இறுதிப்போட்டியில் லெஸ்டர்ஷயரின் ஸ்காட் பாஸ்வெல், அகலப் பந்துகளாகவே வீசி, ஒரு ஓவரை முடிக்க 14 பந்துகள் எடுத்துக்கொண்டார். பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. எழுதப் பழகிய கை எழுதும்போது மட்டும் விறைத்துக்கொள்வதைப் பார்த்து எந்த வைத்தியனும் சிரிப்பதில்லை, இதுவும் சிலருக்கு அதே குலத்தைச் சேர்ந்த நரம்புக் கோளாறுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலருக்கு அது முற்றிலும் மனக்கலக்கத்தின் விளைவு. பலருக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையைச் சேர்ந்த லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனுக்கு நேர்ந்தது யிப்ஸ்தான் என்று எந்த வைத்தியரும் சான்று தரவில்லை. ஆனாலும் கைவந்த வித்தை கையை விட்டுப் போகும் துயரத்தைத் தமிழர்கள் அருகிலிருந்து கண்டது அவர் விஷயத்தில்தான். 1983 ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில், ஏறத்தாழ 17 வயதும் நான்கு மாதமும் ஆன நிலையில் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியபோது, இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர் அவரே. அடுத்த ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 6, இரண்டாவதில் 117-க்கு 6; அதையடுத்து டெல்லியில் 99-க்கு 6. மூன்று இன்னிங்ஸ்களில் 18 விக்கெட்! பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அறியாத வெள்ளைக்காரர்கள், அவர் மணிக்கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்து, பந்து தரையில் பட்ட பிறகு விழித்துக்கொண்டார்கள். 1985 மார்ச்சில் மெல்போர்னில், உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், ஜாவேத் மியாந்தத் என்ற மகா தந்திரசாலி கிரீஸை விட்டிறங்கி ஏமாற, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்த காட்சியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றைக்கும் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு? அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் மொத்தம் 26; அவற்றில் 23 அந்த ஒரே இங்கிலாந்துத் தொடரில் வந்தவை. இருபது வயதிலேயே, 9 டெஸ்ட்களோடு, அந்த அத்தியாயம் மூடப்பட்டுவிட்டது.

அந்த வீழ்ச்சிக்கு ஊரார் சொன்ன காரணங்கள் அநேகம்; சிறு வயதில் வந்த புகழ், சிநேகிதம், சிரத்தைக் குறைவு என்று நாவுக்கு எளிதாக வருபவை எல்லாம் சொல்லப்பட்டன. வாழ்நாள் முழுவதும் தம் நிறத்தைச் சுட்டித் தாம் இழிவுபடுத்தப்பட்டதாக 2021-இல் அவரே பகிரங்கமாகச் சொன்னபோது, அந்தப் பழைய தீர்ப்புகளை எழுதியவர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சற்றுத் தலைகுனிய வேண்டியதாயிற்று. தன்னம்பிக்கை என்பது மைதானத்தில் மட்டும் விளைந்து மைதானத்தில் மட்டும் அழிகிற பயிர் அன்று.

ஆனால் வித்தையின் உள்ளே நடப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வேகப்பந்து வீசுகிறவனுக்கு விரல் நுனியில் சிறு பிசகு நேர்ந்தால் பந்து நான்கு அங்குலம் விலகும். மணிக்கட்டைச் சுழற்றி, மோதிர விரலால் பந்தைத் திருகி, கை முன்னோக்கிப் பாயும் வேகத்துக்குக் குறுக்கே சுழற்சியைக் கொடுத்து விடுகிற லெக் ஸ்பின்னருக்கோ, இமைப்பொழுது முந்தினால் புல்டாஸ், இமைப்பொழுது பிந்தினால் காலடியில் குத்தும் குறும்பந்து. அந்த இமைப்பொழுதை மனம் கணக்கிட்டுத் தீர்மானிக்க இயலாது. ஆயிரமாயிரம் ஆவர்த்தனங்களில் கை தானாகக் கற்றுக்கொண்ட விவேகம் அது; மிருதங்கக்காரரின் விரலைப் போல, பூக்கட்டுகிறவளின் கையைப் போல, எஜமானனுக்குச் சொல்லாமலே வேலையை முடித்துவிடுகிற விசுவாசமான ஊழியன். என்றைக்கு எஜமானன் சந்தேகப்பட்டு, சமையலறைக்குள் புகுந்து, உப்பு எவ்வளவு புளி எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பிக்கிறானோ, அன்றைக்கே குழம்பு கெட்டுப்போகிறது.

டெல்லியின் சுழற்பந்து வீச்சாளர் மனீந்தர் சிங் இதற்கு இன்னொரு சாட்சி. சென்னை ரசிகர்களுக்கு அவர் 1986 செப்டம்பர் 22-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த டெஸ்டில் கடைசி விக்கெட்டாக வீழ்ந்தவர் என்ற அளவிலேயே நினைவிருக்கிறார். ஆனால் ஆறே மாதம் கழித்துப் பெங்களூரில் பாகிஸ்தானை 116-க்குச் சுருட்டி, 27 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் வீழ்த்தியவரும் அவரே. பேடியின் வாரிசு என்று கொண்டாடப்பட்ட அந்த இடது கை, மேலும் சிறப்பாக்கும் ஆசையில் முறையை மாற்றிப் பார்க்கப் போய், இருந்த லயத்தையும் தொலைத்தது. 1993-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக டெல்லியில் ஒரே ஒரு டெஸ்டுக்குத் திரும்பி வந்து 7 விக்கெட் எடுத்தார். அதுவே அவருடைய 35-ஆவதும் கடைசியுமான டெஸ்ட். அந்த ஏழு விக்கெட்டுகளைப் பழைய கை திரும்பி வந்ததாக நான் கருதவில்லை; பிரியாவிடை சொல்ல ஒரு முறை எட்டிப் பார்த்ததாகவே கருதுகிறேன்.

சங்கடத்திலிருந்து மீள மார்க்கமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் நம் பயிற்சியாளர்கள் காட்டும் மார்க்கம் பெரும்பாலும் நேர் எதிர்த் திசையில் போகிறது. தோளைத் தாழ்த்து, முன்காலைத் திருப்பு, தலையை அசைக்காதே என்று ஆளுக்கொரு உபதேசம். 1992-இல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஓர் அழகான பரீட்சை செய்தார். கால்ஃப் பந்தைக் குழியில் தள்ளக் கற்றுக்கொள்ளும் புதியவர்களில் ஒரு சாராருக்கு விதிகளை விஸ்தாரமாகப் போதித்தார். மற்றொரு சாராருக்கு எதையும் போதிக்காமல், பந்தைத் தள்ளும்போதே தாளத்துக்கு ஏற்ப ஆங்கில எழுத்துகளை முன்பின் ஒழுங்கின்றிச் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தார். இரு சாராரையும் பின்பு ஒரு நெருக்கடிக்கு உட்படுத்திப் பார்த்தபோது, விதிகளை அறிந்தவர்கள் தடுமாறினார்கள். விதி அறியாதவர்களின் கை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

இதை நினைத்தபோது, கடைக்கு முன்னால் “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று சொல்லிக்கொண்டு போன ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். வெறுங்காலால் நடக்கிறவன் தன் பாதத்தையே கவனித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு கல்லும் அவனுக்கென்றே போடப்பட்டதாகத் தோன்றும். இரண்டு கிலோமீட்டரில் நொண்டத் தொடங்கிவிடுவான். வாய்க்கு ஒரு நாமம், கண்ணுக்கு ஒரு மலை என்று மனத்துக்கு வேறு உத்தியோகம் கொடுத்துவிட்டால், கால் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது. பக்தியின் பயன் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை.

மனத்துக்கு வேலை கொடுப்பது ஒரு பாதி என்றால், கைக்குப் புதிய வேலை கொடுப்பது மறுபாதி. ஜெர்மானியக் கால்ஃப் வீரரான பெர்ன்ஹார்ட் லாங்கர் தம் ஆயுளில் பலமுறை யிப்ஸுக்கு ஆளாகி, ஒவ்வொரு முறையும் பழைய பிடியை மீட்க முயலாமல், பிடியையே மாற்றினார்; மட்டையின் தண்டை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுகப் பற்றிக்கொள்ளும் விநோதமான முறை ஒன்றைக்கூடக் கைக்கொண்டார். 1991-இல் ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில் ஆறடிப் பந்தைத் தவறவிட்டு, ஐரோப்பா முழுவதன் துக்கத்தையும் தலையில் சுமந்த அவர், அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு பெரிய போட்டியை வென்றார். 1993-இல் இரண்டாம் முறையாக அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டமும் பெற்றார். தோற்றப் பொலிவைத் துறக்கத் துணிந்தது அவருடைய விசேஷம். நம்மவர்களில் எத்தனை பேர், ஒரு காலத்தில் தாம் அழகாகச் செய்ததை, எல்லோரும் பார்க்க அவலட்சணமாகச் செய்யச் சம்மதிப்பார்கள்?

தமிழ்நாட்டு அணியின் வருண் சக்கரவர்த்தி சம்மதித்தார். அவருடையது யிப்ஸ் அன்று. ஆனால் நம்பிக்கை இழந்து மீண்ட கதைகளில் நமக்கு மிக அருகில் நடந்தது அவருடையதே. கட்டடக் கலை படித்து, விக்கெட் காப்பாளராகவும் வேகப்பந்து வீச்சாளராகவும் இருந்து, முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு வந்த அந்த மனிதர், 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் மூன்று ஆட்டங்கள் ஆடி, ஒரு விக்கெட்கூட எடுக்காமல் வெளியேற்றப்பட்டார். அதன் பின் மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் வந்தன என்றும், மனச்சோர்வில் ஆழ்ந்தேன் என்றும் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். பக்கவாட்டில் சுழன்ற தம் பந்து உயர்ந்த மட்டத்தில் போதாது என்று உணர்ந்து, முன்னோக்கிச் சுழலும் மேல்சுழற்சியை அடிப்படையிலிருந்து கற்றார். உள்ளூர் ஆட்டங்களில் சோதித்துப் பார்த்தார். 2024 அக்டோபரில் அணிக்குத் திரும்பினார். 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து டி20 ஆட்டங்களில் 14 விக்கெட். அதே ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, சாம்பியன்ஸ் கோப்பையில், அதே துபாய் மைதானத்தில், நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அப்போது அவருக்கு வயது 33. அங்கே தோற்றுப்போன பந்துவீச்சாளர் திரும்பி வரவில்லை, வேறொருவர் வந்திருந்தார்.

சிவராமகிருஷ்ணனுக்கு இத்தகைய அவகாசத்தை அந்தக் காலம் கொடுத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1954-55-க்குப் பிறகு முதல் முறையாகத் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்ற 1987-88 பருவத்தில், அவர் மட்டையாலும் அணிக்கு உதவினார் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். பந்து பிடித்த கை கலங்கியிருந்த காலத்தில், மட்டை பிடித்த அதே கை கலங்கவில்லை. அதை ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்வதா, வேதனையாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

தேநீர் ஆறிப்போயிருந்தது. கழனியில் பந்து வீச வேறொருவன் வந்திருந்தான். நம் பையனை எல்லைக்குத் துரத்தியிருந்தார்கள். அவன் வரப்பில் நின்று, பக்கத்தில் மேய்ந்த ஆட்டை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியோடு ஏதோ வாயாடிக்கொண்டிருந்தான். திடீரென்று பந்து அவனிடம் உருண்டு வந்தது. பேச்சை நிறுத்தாமலே குனிந்து எடுத்து, ஓரடி வைத்து எறிந்தான். நாற்பது கஜம் பறந்த பந்து, காப்பாளனுடைய நெஞ்சுக்கு நேராக, அவன் கையை அசைக்கவே தேவையில்லாதபடி வந்து விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பையன் மறுபடியும் சிறுமியின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். வலப்பாதையில் வரும் குபேர லிங்கத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தபடியால், நான் எழுந்து நடக்கலானேன்.