மந்திரக்கோலும் மனச்சான்றும்

குழந்தையின் கையில் ஒரு நூலைக் கொடுப்பது, அதன் தட்டில் உணவிடுவதற்கு ஒப்பான செயலாகும். உணவின் நன்மை தீமையை ஆராயும் பெற்றோர், நூலின் நன்மை தீமையையும் ஆராய விரும்புவது இயல்பு. அது அவர்தம் கடமையுங்கூட. ஆயின், அவ்வாராய்ச்சியை எந்த அளவுகோல் கொண்டு நடத்துவது? கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கிறித்தவ இல்லங்களில் இவ்வினாவை மிகுதியாக எழுப்பிய நூல்கள், ஜே. கே. ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதைகளே. தமிழகத்திற்கு வெளியே பெருநகரங்களில் வாழும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படித்து வளர்கின்றனர். அவர்கள் படிக்கும் வேகத்திற்குப் பெற்றோர் ஈடுகொடுக்க இயலுவதில்லை. ஆதலின், நூலைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டே தீர்ப்பு வழங்க நேர்கிறது. எனவே, அமெரிக்காவில் நிகழ்ந்த இவ்வழக்கு நமக்கும் படிப்பினை தரவல்லது.

அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலின்படி, 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் நூலகங்களில் மிகுதியான எதிர்ப்புக்குள்ளானவை இக்கதைகளே. 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ நகரில் ஒரு திருச்சபையினர் இவற்றைத் தீயிலிட்டனர். 2002-இல் ஆர்கன்சா மாநிலத்துச் சீடர்வில் ஊரின் பள்ளிக் குழு, பெற்றோரின் எழுத்து இசைவு இருந்தாலன்றி நூலகத்தில் இவற்றை மாணவர்க்குக் கொடுத்தலாகாது என விதித்தது. 2003-இல் நடுவணரசின் நீதிமன்றம் அவ்விதியை நீக்கி, நூல்களை மீண்டும் திறந்த அலமாரியில் வைக்குமாறு பணித்தது.

எதிர்த்தோரை அறியாமையுடையோர் என எள்ளி ஒதுக்குதல் அறமாகாது. அவர்கள் மறைநூலைச் சான்று காட்டினர். உபாகமத்தின் பதினெட்டாம் அதிகாரம் குறிசொல்லுதல், சூனியம், அஞ்சனம் பார்த்தல் ஆகியவற்றை ஐயத்திற்கிடமின்றி விலக்குகிறது. விலக்கப்பட்ட கலையைப் பள்ளிக்கூடத்தில் பயிலும் சிறுவனைத் தலைவனாக்கிய கதை பிள்ளையின் உள்ளத்தில் அக்கலையின்பால் நாட்டத்தை விதைக்காதா என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வி நேர்மையானது, நேர்மையான விடைக்கு உரியது.

முதற்கண், ஒரு பொருள் கதையில் இடம்பெறுவதும் அக்கதை அதனைப் போற்றுவதும் வெவ்வேறானவை. சாமுவேலின் முதலாம் நூல், இருபத்தெட்டாம் அதிகாரத்தில், சவுல் அரசன் மாறுவேடம் பூண்டு எந்தோர் ஊரில் அஞ்சனம் பார்ப்பவளை இரவில் நாடிச் செல்கிறான். படிப்போர் நெஞ்சு நடுங்கும் காட்சி அது. சூனியம் வருகிறது என்பதனாலேயே ஒரு நூலை ஒதுக்குவதாயின், இவ்வதிகாரத்தையும் ஒதுக்க நேரும். விலக்கைச் சொல்லும் அதே மறைநூல், விலக்கை மீறியவனின் வீழ்ச்சியைக் கதையாகவும் சொல்லித் தருகிறது.

'சவுலின் கதை எச்சரிக்கை. இங்கோ கதைத்தலைவனே மந்திரம் செய்கிறான்' என மறுப்போர்க்குச் சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகள் விடையளிக்கும். 1950 முதல் 1956 வரை வெளிவந்த இவ்வேழு நூல்களும் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் அச்சமின்றி வரவேற்கப்பட்டவை. இவற்றிலும் சூனியக்காரி உண்டு, மந்திரம் உண்டு. 1952-இல் வந்த மூன்றாம் நூலில், லூசி என்னும் நற்சிறுமியே மந்திரவாதியின் ஏட்டைப் புரட்டுகிறாள். அழகு தரும் மந்திரம் அவளை ஈர்க்கிறது. அசுலான் என்னும் சிங்கத்தின் முகம் ஏட்டில் தோன்றவே அஞ்சி விடுகிறாள். எனினும், தோழியர் தன்னைப் பற்றி என்ன பேசுகின்றனர் என அறியும் மந்திரத்தைச் சொல்லிவிடுகிறாள். கேட்ட சொல் அவள் உள்ளத்தைச் சுடுகிறது. பின்னர் வரும் அசுலான், மந்திரத்தால் ஒட்டுக்கேட்பதும் ஒட்டுக்கேட்பதே என அவளுக்கு உணர்த்துகிறது. குற்றம் மந்திரத்தில் மட்டும் இல்லை, பிறர் அந்தரங்கத்தைக் களவாடிய ஆசையில் இருக்கிறது என்பதை ஒரு சிறுமிக்குப் புரியும் வகையில் லூயிஸ் காட்டிவிடுகிறார்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஹாரி பாட்டரை அணுகுவோம். அக்கதையின் மந்திரம் பெரும்பாலும் ஆவிகளை வேண்டி அழைப்பதன்று; பிறவியிலேயே அமைந்த ஒரு திறனைப் பயிற்சியால் வளர்ப்பது. சொல் பிறழ்ந்தால் விளைவு பிறழும். ஏறத்தாழ ஒரு பொறியை இயக்குவது போன்றது. குறிசொல்லும் பாடம் ஒன்று அங்குக் கற்பிக்கப்படுவதும், ஆசிரியை பெரிதும் நகைப்புக்கிடமாகவே வரையப்பட்டிருப்பினும் அவர் வாயில் பிறந்த இரண்டொரு வாக்குகள் பலித்துவிடுவதும் உண்மையே. இவ்விடத்தில் பெற்றோர் தயங்குவாராயின் அத்தயக்கம் மதிக்கத்தக்கது.

ஆனால், இந்நூல்வரிசையில் உண்மையாகவே கேள்விக்குரிய இடம் வேறு. முதற்பாகத்தில், தரையை விட்டு எழக்கூடாது என்ற ஆசிரியையின் கட்டளையை மீறிப் பறந்த ஹாரிக்குத் தண்டனை கிட்டவில்லை. பள்ளியில் அவன் சேர்ந்த இல்லத்தின் ஆட்டக் குழுவில் இடம் கிட்டுகிறது. இறுதிப் பாகத்திலோ இதனினும் கடுமையான ஒரு நிகழ்ச்சி உண்டு. மனிதர்மீது ஏவினால் ஆயுட்சிறை என்று கதையே முன்னர் விதித்திருந்த மூன்று கொடுஞ்சாபங்களுள் ஒன்றை, சித்திரவதைச் சாபத்தை, ஹாரி சினமுற்றுப் பகைவன்மீது ஏவுகிறான். தன் ஆசிரியையின் முகத்தில் உமிழ்ந்தவன் அப்பகைவன். கழிவிரக்கம் ஏதும் இல்லை. அவ்வாசிரியையே அச்செயலை வீரமெனப் பாராட்டுகிறார். பகைவரை நேசிக்கக் கற்பிக்கும் சமயத்தினர் தம் பிள்ளையுடன் அமர்ந்து பேசவேண்டிய பக்கம் இதுவே. மந்திரக்கோலை மட்டும் கண்டு நூலை மூடியவர்கள் இப்பக்கத்தைக் காணும் வாய்ப்பையே இழந்தனர்.

குற்றம் நாடியபின் குணமும் நாடுவோம். தாயின் தன்னலமற்ற சாவு குழந்தையைக் காக்கிறது. இதுவே கதையின் அடித்தளம். தீயோன் சாவுக்கு அஞ்சிக் கொலைகள் புரிந்து, தன் ஆன்மாவையே துண்டுகளாக்குகிறான். ஹாரியோ இறுதியில் பிறரைக் காக்கும்பொருட்டுக் கோலை ஓங்காமலே சாவை எதிர்கொள்ளச் செல்கிறான். இடுகாட்டுக் காட்சியில் இரு கல்லறைகளில் பொறிக்கப்பட்டவை, மத்தேயு நற்செய்தியிலிருந்தும் கொரிந்தியர்க்கு எழுதிய முதலாம் நிருபத்திலிருந்தும் எடுத்த தொடர்கள். தம் கதையின் கிறித்தவச் சாயல் தமக்கு என்றும் வெளிப்படையாகவே தோன்றியது என 2007-இல் ஆசிரியரே கூறினார். இறுதிவரை படித்தவர்க்கே இவை புலப்படும்.

கிறித்தவ மரபே இவ்வகைத் திறனாய்வுக்கு வழி வகுத்துள்ளது. நான்காம் நூற்றாண்டில் தூய பசிலியார், கிரேக்க இலக்கியம் பயிலும் இளைஞர்க்கு அறிவுரை கூறுகையில் தேனீயை உவமையாக்கினார். அது எல்லா மலரிலும் அமர்வதில்லை, அமர்ந்த மலரிலும் வேண்டியதை மட்டுமே கொள்கிறது. எபேசு நகரில் மந்திர ஏடுகள் எரிக்கப்பட்டதைச் சான்று காட்டுவோர், அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தொன்பதாம் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்குக. அங்கே எரித்தவர்கள் மந்திரத்தொழில் செய்தோரே. எரிந்தவை அவர்கள் தாமே மனமுவந்து கொணர்ந்த சொந்த ஏடுகள். பிறர் பிள்ளைகள் படிக்கும் கதைகள் அல்ல.

நம் மொழியிலும் சான்று உண்டு. வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, தாம் கற்ற கம்பனைக் கைவிடவில்லை. பூதங்களும் அரக்கரும் நிறைந்த பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, கம்பனின் நடையழகு துலங்க 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். கற்பனையை அஞ்சி ஒதுக்கியிருப்பின் தமிழ்க் கிறித்தவர்க்கு அக்காப்பியம் வாய்த்திராது.

ஆகவே, எச்சமயத்தைச் சார்ந்த பெற்றோராயினும் நூலின் உள்ளே என்னென்ன பொருள்கள் உள என்று கணக்கெடுப்பதோடு நின்றுவிடலாகாது. அது எதனை நேசிக்கச் சொல்கிறது, தவற்றுக்கு என்ன விலை வைக்கிறது, வலியோன் எளியோனை எவ்வாறு நடத்துகிறான் என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு முழுதும் படித்தபின், 'இது இப்போது உனக்கு வேண்டாம்' எனச் சொல்லும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. காரணம் கேட்கும் உரிமை பிள்ளைக்கும் உண்டு. படிக்காமல் விதித்த தடை நூலைப் போர்வைக்கடியில் அனுப்பிவிடும். அங்கே அதனைப் பற்றிப் பிள்ளையோடு பேச எவரும் இரார். உடனிருந்து படிப்பதே பெற்றோர் எழுப்பக்கூடிய உறுதியான வேலியாகும்.