குட்டி ஜப்பானும் சின்ன விரல்களும்

"ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா?" ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை முதல் சிவகாசி வரை, நம் வட்டாரத்தில் இக்கேள்வியைக் கேளாத செவி அரிது. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை, கேள்வியே விடையாகிவிட்டது. தவறான பொருளாதாரக் கருத்தொன்று பொது அறிவாகும் விதம் இதுவே. இவ்விதத்தை ஆராயும் நூல் ஒன்றை இங்கு மதிப்பிட முயல்கிறோம். இந்தியாவில் குழந்தையும் அரசும் என்னும் பொருள் குறித்து அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு அது.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-இல் தோன்றியது. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராய் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலமும் இருந்தது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்களே ஏற்றவை என்றனர். வறுமை தீரும்வரை இது தீராது என்றனர்.

வீனர் அதிகாரிகள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தார், ஆய்வாளர் எனப் பலரையும் சந்தித்தார். கொள்கையால் வேறுபட்டவர்களும் இவ்வொன்றில் ஒத்துப்போவதைக் கண்டார். அவரது மறுப்பு எளிமையானது: கட்டாயக் கல்வியைக் கொணர்ந்த நாடுகள் பலவும் அன்று ஏழை நாடுகளே. சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று பெருமையோடு அழைக்கிறோம். உண்மையான ஜப்பானோ 1872-இலேயே, செல்வம் சேருமுன், எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்று ஆணையிட்டது. அதன் உழைப்பைப் போற்றிய நாம் அதன் பள்ளிக்கூடத்தை மறந்தோம்.

இக்கருத்து நிலைத்தது ஏன்? அது பாதி உண்மை. வறுமை கண்ணெதிரே நின்றது. மறுபாதியோ கண்ணுக்குத் தெரியாதது. குறைந்த கூலிக்குப் பிள்ளை கிடைக்கும்போது பெரியவரின் கூலி உயர்வதில்லை. கல்லாத பிள்ளை வளர்ந்து கல்லாத பெற்றோராகிறது. விளைவையே காரணமென்று கொண்டோம். மேலும், இச்சொல் இரக்கத்தின் குரலில் வந்தது. கொடுமையை எதிர்க்கத் தெரிந்த நமக்கு, இரக்கத்தை ஐயுறத் தெரியவில்லை.

நூலில் குறையும் உண்டு. கொள்கை வகுப்போரின் மனத்தைத் துருவும் ஆசிரியர், தாயின் கணக்கை அவ்வளவு நெருங்கிப் பார்க்கவில்லை. பசித்த பிள்ளைக்குச் சட்டம் மட்டும் போதாது. இதை நன்குணர்ந்தவர் விருதுநகரில் பிறந்த காமராசர். அவர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பள்ளியையும் அடுப்பையும் ஒரே கூரையின் கீழ் கொணர்ந்தது. வீனரின் வாதத்துக்கு நம் மண் எழுதிய பின்னிணைப்பு அதுவே எனலாம்.

1986-இல் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறாரை அமர்த்துவதைச் சட்டம் தடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், விதிமீறி அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளைப் பணித்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. சின்ன விரல்கள் பெருமளவில் விலகின. தீப்பெட்டித் தொழில் அழிந்துவிடவில்லை. தவிர்க்க முடியாதது என்றதைத் தவிர்க்க முடிந்தது.

எனினும் பழைய கருத்து புதிய உடையில் வருகிறது. வளரிளம் பெண்களைப் பல ஆண்டுகள் பஞ்சாலையில் இருத்தி, முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவோம் என்ற 'சுமங்கலித் திட்டம்' பேசியதும் இதே இரக்க மொழிதான். "படித்தவனுக்கே வேலையில்லை" என்பது இன்னோர் உடை.

சிறாரின் உடலும் உள்ளமும் முதிருமுன் ஆலைக்கு அனுப்பலாகாது என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை நமக்கும் உரியதே. ஏழைக்கு இதுதான் வழி என்று எவரேனும் உறுதியாய்ச் சொல்லக் கேட்டால், ஒன்றை மட்டும் வினவுவோம்: அவ்வழியில் தம் பிள்ளையை அவர் அனுப்புவாரா?